ஊர் முழுக்க வயிற்றுவலி

எங்கள் மாவட்டத்தில் யாரும் மனம் வெறுத்துச் சாகத் துணிவதில்லை. எல்லோருக்கும் வயிற்றுவலி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, முறையாக ஆய்வு செய்து கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பாவத்தில் எனக்குக் இருப்பது கொஞ்சநஞ்சப் பங்கல்ல.

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டுக் கீழ்பென்னாத்தூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனையில் இந்த வேலை கிடைத்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறவர்களைச் சந்தித்துப் பேசி, ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கழுத்தில் தொங்கவிட ‘ஆய்வு உதவியாளர்’ என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அப்பா ஊரில் எல்லோரிடமும் “ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லிவைத்தார். உண்மையைச் சொன்னால் வரன் வராதாம். “சாவப் போனவங்களோட பேசிட்டு வர்றவள எவன்டி கட்டுவான்?” என்றாள் அம்மா. ஆக, இந்த விஷயத்தில் முதல் பொய் என் வீட்டிலிருந்துதான் கிளம்பியது. மற்ற வீடுகளைச் சொல்லி என்ன பயன்?

ஆய்வுக்குத் தலைவர் எங்கள் பெரிய டாக்டர். நல்ல மனுஷர், கோபமே வராது, பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வெட்டுவார். ஒரே ஒரு குறை, நோயாளி பக்கத்தில் உட்கார மாட்டார். வார்டு வாசலில் நின்று, “டேட்டா நல்லா வருதாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். நாங்களும் “நல்லா வருது சார்” என்போம்.

படிவம் பதினான்கு பக்கம். ஆங்கிலத்தில் எழுதியதை யாரோ தமிழாக்கியிருந்தார்கள். அந்த யாரோ எந்த மனிதரோடும் தமிழில் பேசியவராக எனக்குத் தோன்றவில்லை. ‘கடந்த இரு வாரங்களில் எதிர்காலம் குறித்த நம்பிக்கையின்மை தங்களிடம் எந்த அளவு நிலவியது? ஒன்று முதல் பத்து வரையிலான அளவுகோலில் குறிப்பிடுக.’ வேர்க்கடலை போடுகிற ஒரு விவசாயியிடம் இதைப் படித்துக் காட்டினேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, “இதுல எத்தினி மார்க் வாங்கினா பாஸும்மா?” என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. ஐந்து போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

என்ன செய்துகொண்டார், எப்போது, எங்கே, எவ்வளவு என்று எழுத ஒரு முழுப் பக்கம், அதில் கட்டம் கட்டமாக இருபது கேள்விகள். ஏன் என்பதற்கு ஒன்பதாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி. ‘காரணம்’ என்று போட்டு, ஒரு கோடு. ஒருவர் உயிரை விட நினைத்த கதையை அந்தக் கோட்டின் மேல் ஏற்றி உட்கார வைக்க வேண்டும். என்ன பெரிய மனசு பாருங்கள்.

அந்தக் கோட்டை நிரப்புவதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. எங்கள் பக்கத்தில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வேன் வைத்துக்கொண்டு சொந்தம் மொத்தமும் வந்துவிடும். கட்டிலைச் சுற்றி ஆறு பேர், கால்மாட்டில் மூன்று பேர். வழியிலேயே பேசி முடிவு செய்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நான் நோயாளியைப் பார்த்துக் கேட்பேன், நோயாளி மின்விசிறியைப் பார்ப்பார், பதில் சுற்றிலுமிருந்து வரும்.

“வயித்து வலிம்மா. ரொம்ப நாளா தீராத வயித்து வலி.”

“எத்தினியோ டாக்டர்கிட்ட காட்டியாச்சு. கம்மியாவல.”

“அந்த வலி தாங்காமதான் புத்தி கெட்டுப்போய் இப்படிப் பண்ணிட்டான்.”

கேஸ் ஆகிவிடும், பேப்பரில் வந்துவிடும், தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். சட்டம் இப்போது தண்டிக்கப் பார்ப்பதில்லை, உதவி செய்யத்தான் சொல்கிறது என்று பொறுமையாக விளக்குவேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். கடைசியில் யாராவது ஒரு பெரியப்பா, “அதெல்லாம் சரிதாம்மா. நீ வயித்து வலின்னே போட்டுக்கோ” என்பார். விசாரிக்க வருகிற ஏட்டய்யாவும் அதையேதான் எழுதுவார். அவர் எழுதுகிற வேகத்தைப் பார்த்தால் ஸ்டேஷனிலேயே எழுதிக் கொண்டுவந்துவிட்டாரோ என்று தோன்றும்.

முதல் சில வாரம் நான் கெட்டியாக இருந்தேன். ‘சொல்ல மறுத்தார்’ என்று எழுதினேன், சிலவற்றில் கோட்டைக் காலியாக விட்டேன். எல்லாப் படிவமும் கட்டோடு திரும்பி வந்தது.

“இதெல்லாம் இன்கம்ப்ளீட்மா” என்றார் பெரிய டாக்டர், வருத்தத்தோடு. “காரணம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் எடுத்துக்காது.”

கம்ப்யூட்டருக்கு வேண்டும் என்றால் கொடுத்துவிட வேண்டியதுதானே. வயிற்றுவலி என்று எழுத ஆரம்பித்தேன். பழகப் பழகக் கை தானாகவே எழுதியது. பிறகு ஒரு நாள், கட்டிலுக்குப் போகும் முன்பே எழுதிவிட்டுப் போனால் நேரம் மிச்சம் என்று தோன்றியது. ஐந்தரை மணி கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே.

உண்மையான காரணத்தைத் தானாகவே சொன்ன ஒரே ஆள் ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள்தான். கூட வர ஒரு சொந்தமும் இல்லை. சின்ன வயதிலிருந்து ஆரம்பித்துக் கோர்வையாகச் சொல்லிக்கொண்டே போனார், அழுதார், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் சொன்னார். சந்தோஷமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மட்டும்தான் ஆய்வில் சேர்த்தியாம். அந்தப் படிவத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் மூன்றாம் கட்டிலுக்கு அந்தப் பெண் வந்தாள். அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள், வயது இருபத்துநாலு. கல்யாணத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். புருஷனுக்கு பெங்களூரில் வேலை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருவான். மாமியார் கிரிவலப் பாதையில் கடை வைத்திருந்தார். இவ்வளவையும் எனக்குச் சொன்னது மாமியார்தான். பத்து நிமிஷத்தில் பதினான்கு பக்கத்தையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். நம்பிக்கையின்மை எந்த அளவு என்று கேட்டதற்கு, “பத்துக்குப் பத்து போட்டுக்கோ கண்ணு. எங்க வீட்ல ஒரு கொறையும் கெடையாது” என்றார். போட்டுக்கொண்டேன்.

மாத்திரை வாங்க மாமியார் கீழே போனார். அந்தப் பெண் சட்டென்று என் துப்பட்டாவைப் பிடித்தாள்.

“அக்கா, என்ன வீட்டுக்கு மட்டும் அனுப்பச் சொல்லாதீங்க.”

“ஏம்மா?” என்று வாயைத் திறக்கிறேன், மாமியார் வந்துவிட்டார். மருந்துச் சீட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“இன்னா சொல்றா?”

“ஒண்ணுமில்லம்மா” என்றது நான்தான். அவள் துப்பட்டாவை விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். மணி ஐந்தேகால். படிவத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். காலையில் வந்து வார்டு சிஸ்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் நினைத்தேன்.

காலையில் மூன்றாம் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். இப்படி வருகிறவர்களை மனநல மருத்துவரிடம் காட்டாமல் அனுப்பக்கூடாது என்பது விதி. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் என் கையெழுத்தில் வயிற்றுவலி என்று இருந்ததே, அதைப் பார்த்த யாரோ வயிற்று டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவரும் எரிச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, காரம் கம்மி பண்ணச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று முதல் எனக்கு நிம்மதி போயிற்று. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுவேன். ஸ்ட்ரெச்சரில் முகம் தெரிவதற்கு முன் கால்தான் தெரியும். மெட்டி போட்ட சின்னக் கால் என்றால் முகத்தைப் பார்க்க ஸ்ட்ரெச்சர் கூடவே ஓடுவேன். அவளாக இருக்கக்கூடாது, அவளாக இருக்கக்கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

“இன்னாடி, ஆம்புலன்ஸ் வந்தா இந்த ஓட்டம் ஓடுற? மாப்ள அதுலதான் வராரா?” என்றார் சிஸ்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் ஜாஸ்தி, கை அதைவிட வேகம். நான் நடந்ததைச் சொல்லி அழுதேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் கையிலிருந்த ட்ரேயை டங்கென்று வைத்தார்.

“பதினாலு பக்கம் எழுதத் தெரியுது. பத்தடி நடந்து வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியல? போடி, எம் மூஞ்சிலேயே முழிக்காத.”

இரண்டு நாள் பேசவில்லை. அவர் திட்டியது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து எல்லோரையும் போனில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பதும் ஆய்வின் ஒரு பகுதி. அதற்கும் ஒரு படிவம். முதல் கேள்வி: ‘பங்கேற்பாளர் உயிருடன் உள்ளாரா? ஆம் / இல்லை.’ கேட்டவர்கள் என்னைச் செருப்பால் அடிக்காமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை. அவள் நம்பரை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு அழுத்தினேன். மாமியார்தான் எடுத்தார்.

“உசுரோடதான் கீறா. இந்தா, குடுக்கறேன்.”

“நல்லாருக்கேன்க்கா” என்றாள் அவள். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரல்.

“நிஜமாவா?”

“நல்லாருக்கேன்க்கா.”

‘ஆம்’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். உயிரோடு இருக்கிறாள், அதுவே பெரிசு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் ஆம்புலன்ஸ் வந்தால் வாசலுக்கு ஓடுவது நிற்கவில்லை.

இதற்கிடையில் பெரிய டாக்டர் ஆய்வின் முடிவை ஒரு கூட்டத்தில் அரங்கேற்றினார். திரையில் மாவட்ட வரைபடம், அதில் சிவப்பு சிவப்பாகப் புள்ளிகள். இப்பகுதியில் தற்கொலை முயற்சிகளுக்குத் தீராத வயிற்றுநோயே தலையாய காரணம், இது இதுவரை யாரும் கவனிக்காத உண்மை என்றார். அரங்கமே கைதட்டியது. தண்ணீரில் கோளாறா என்று ஒருவர் எழுந்து கேட்டார். மிளகாயைச் சந்தேகப்பட்டார் இன்னொருவர். பின்வரிசையில் நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன், என் கையெழுத்துக்குக் கிடைத்த கைதட்டல் அது. பிறகு பஜ்ஜியும் காபியும் கொடுத்தார்கள். அந்த பஜ்ஜிக்குப் பிறகு எனக்கே வயிற்றைக் கலக்கியது.

கண்டுபிடித்தால் போதுமா, தீர்க்க வேண்டாமா? அடுத்த பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாகவே இலவச வயிற்று நல முகாம். ‘வயிறு காப்போம், உயிர் காப்போம்’ என்று பேனர். ஆய்வில் இருந்த அத்தனை பேரையும் நான் போன் போட்டு அழைத்தேன். பௌர்ணமி மத்தியானம் பந்தல் போட்ட பத்தாவது நிமிஷம் கூட்டம் நெரிந்தது. கிரிவலம் வந்தவர்கள் வழியெல்லாம் புளிசாதம், சுண்டல், கேசரி என்று கொடுத்ததையெல்லாம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு நிஜமாகவே வயிறு சரியில்லை. பெரிய டாக்டர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மூன்று மணி வாக்கில் அவள் வந்தாள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவள் கால்தான். தன் காலால் நடந்து வந்துகொண்டிருந்தாள். பந்தக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். பின்னாலேயே மாமியார். புருஷன் பெங்களூரிலிருந்து ராத்திரிதான் வருவானாம்.

“இவளுக்குத்தான் காட்ட வந்தேன்” என்று ஆரம்பித்தவர் ஸ்கேன் மெஷினைப் பார்த்துவிட்டார். “யம்மா, எனக்குந்தான் ஒரு வருசமா வயிறு எரியுது. கடையில ஒக்காந்து டீயா குடிக்கறேன். எனக்கும் பாப்பாங்களா?”

பார்ப்பார்கள் என்றேன். டோக்கன் கொடுத்து வரிசையில் நிறுத்தினேன். எங்கள் ஆய்வு மொத்தத்திலும் நிஜமான வயிற்றுவலிக்காரர் அவர் ஒருவர்தான். வரிசை பந்தலைத் தாண்டி ரோடு வரைக்கும் போயிருந்தது. அண்ணாமலையார் புண்ணியத்தில் எனக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது.

அவளைப் பந்தலுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். என்ன பேசுவதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், “வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“எனக்கு வயித்து வலியே கெடையாதுக்கா. நீங்கதான் அப்படி எழுதினீங்க.”

“உங்க அத்தை சொன்னாங்கம்மா.”

“ஆமா. நீங்க அவங்களத்தான கேட்டீங்க.”

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையன் விடைத்தாளில் எந்த இடத்தில் தப்பு விட்டான் என்று டீச்சர் காட்டுவதுபோல் சொன்னாள்.

“போன்ல நல்லாருக்கேன்னு சொன்னியே?”

“ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே ஒக்காந்திருந்தாங்க. எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் பேசணும். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். நான் யார்கிட்டயும் தனியா பேசி ரெண்டு வருசமாச்சுக்கா.”

பதினான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லாத கேள்வியை அப்போதுதான் கேட்டேன், சாதாரணத் தமிழில். “இப்பவும் செத்துடணும்னு தோணுதா?”

“காலையில தோணுச்சு” என்றாள். “நீங்க கேட்டதும் கொஞ்சம் கம்மியா இருக்கு.”

அதற்கப்புறம் அவள் பேசினாள். பேசியதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. பெரிய கொடுமை என்று பேப்பரில் போடும்படி அதில் ஒன்றுமில்லை. வேலையை விடச் சொன்னது, பள்ளியில் கடைசி நாளன்று பிள்ளைகள் கொடுத்த பேனாவைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டது, சொன்ன எதற்கும் யாரும் பதில் சொல்லாதது, இப்படித்தான். ஒவ்வொன்றாகக் கேட்டால் இதற்கா என்று தோன்றும். மொத்தமாகக் கேட்டபோது அப்படித் தோன்றவில்லை.

இந்தத் தடவை பஸ்ஸைப் பற்றி நினைக்கவில்லை. பந்தலில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பட்டையைப் பாட்டி ஒருத்தியின் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார். மனநல மருத்துவரை அவரே போனில் பிடித்து, அன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்று சண்டை போட்டு நேரம் வாங்கினார். என் போனிலிருந்து அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கர் போடாத போனைக் காதில் வைத்ததும் அவளுக்குப் பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம், “இன்னாடி, இன்னாடி கண்ணு” என்பது மட்டும் எனக்குக் கேட்டது. பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, செங்கத்திலிருந்து வந்த அந்தம்மாள் மிச்ச தூரத்தை ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி மாமியார் வெளியே வந்தபோது சம்பந்தி நின்றிருந்தார்.

“அத்தை, நான் டாக்டர்கிட்ட காட்டிட்டு, கொஞ்ச நாள் எங்கம்மா வீட்ல இருந்துட்டு வரேன்” என்றாள் அவள். பாதியில் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

மாமியார் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். “நாங்க நல்லாத்தானேம்மா வெச்சிருந்தோம்?” என்று என்னைக் கேட்டார். அவர் நடிக்கவில்லை. பத்துக்குப் பத்து என்று அன்றைக்குச் சொன்னதும் மனசாரத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய், காரணங்களையெல்லாம் நானேதான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டேட்டா லாக் ஆயிடுச்சும்மா. இனிமே தொட முடியாது. இதப் போய் ஏன் வெளிய சொல்லிக்கிட்டு?”

கட்டுரை வெளிவந்தது. கடைசியில் பொடி எழுத்தில் எனக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். அப்பா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, “பாரு, கம்ப்யூட்டர்ல வந்திருக்கு” என்று இன்றைக்கும் காட்டுகிறார்.

நான் அதே வார்டில்தான் இருக்கிறேன். இப்போது கட்டிலுக்குப் போனதும் முதல் வேலையாகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் டீ குடிக்க அனுப்பிவிடுகிறேன். பெரியப்பாமார்கள் முறைப்பார்கள். சிஸ்டர் வந்து நின்றால் போய்விடுவார்கள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்வேன். படிவத்தைக் கடைசியில்தான் எடுப்பேன்.

அவள் செங்கத்தில் மறுபடியும் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். மாதாமாதம் மனநல மருத்துவரைப் பார்க்க வருகிறாள். புருஷன் இப்போதெல்லாம் பௌர்ணமிக்குச் செங்கத்துக்கு வந்து போகிறானாம், என்ன முடிவாகும் என்று தெரியாது. போன வாரம் ஐந்தேகால் மணிக்கு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, ஸ்பீக்கர்ல போடலியே?”

“இல்லம்மா. நான் மட்டுந்தான்.”

“இன்னிக்கு நல்லா இல்லக்கா.”

இத்தனை நாளில் அவள் என்னிடம் போனில் சொன்ன முதல் உண்மை அது. பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, “சொல்லு” என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன்.